ஒகேனக்கல் தண்ணீரில் மருந்து வாடை: தப்பு தண்ணீரிலா, டிரம்மிலா?

நாகாவதி (பென்னாகரம்):

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வாரமாக வீட்டில் தண்ணீர்ப் பிரச்சினை. வேதியியல் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

போன மாதம் பக்கத்து வீட்டு அண்ணனும் நானும் ஒரே வண்டியில் ஓசூர் போய், பழைய டிரம் விற்கும் ஒரு கடையில் 200 லிட்டர் நீல பிளாஸ்டிக் டிரம் வாங்கிவந்தோம். எனக்கு இரண்டு, அவருக்கு மூன்று. புது டிரம் விலையில் பாதிகூட ஆகவில்லை. வந்ததும் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்த்து, மூன்று நாள் வெயிலில் கவிழ்த்து வைத்தோம். அப்புறம் ஒரு டிரம்மில் புழங்குவதற்குப் போர் தண்ணீர், இன்னொன்றில் குடிப்பதற்கு ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர்.

போர் தண்ணீரில் சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஒகேனக்கல் தண்ணீரைத்தான் மறுநாள் காலையில் வாயில் வைக்க முடியவில்லை. பழைய ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிற மாதிரி ஒரு வாடை, அதுவே நாக்கிலும் ஏறுகிறது. காய்ச்சி ஆறவைத்தும் போகவில்லை. காபியில் வருகிறது, சோற்றில் வருகிறது. சின்னவள் ஒரு வாய் குடித்துவிட்டு ‘மருந்துத் தண்ணி’ என்று துப்பிவிட்டாள். அண்ணன் வீட்டிலும் இதே கதை. இரண்டு வீட்டில் இப்படி என்றால் தண்ணீர் திட்டத்தில்தான் ஏதோ தப்பு, பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள் என்று தெருவில் பேச்சு. ஊராட்சிக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன்.

கொடுப்பதற்கு முன் ஒருமுறை கேட்டுவிடலாம் என்றுதான் இங்கே வந்தேன். போர் தண்ணீர் குடித்துப் பல்லில் கறையோடு வளர்ந்தவர்கள் நாங்கள். 2013இல் காவிரித் தண்ணீர் திட்டம் வந்த பிறகுதான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு புளோரைடு இல்லாத தண்ணீர் கிடைத்தது. அதை விட்டுவிட்டுப் பழையபடி போர் தண்ணீருக்குப் போக மனசு வரவில்லை.

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்):

எங்கள் பக்கமும் மேல்நிலைத் தொட்டி கழுவின மறுநாள் குளோரின் வாடை தூக்கலாகத்தான் இருக்கும். ராத்திரி மூடாமல் வைத்தால் பறந்துவிடும். டிரம்மில் நீங்களும் ஒரு பிடி பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றிக் கழுவிப் பாருங்கள். கிருமி ஏதாவது இருந்தாலும் போய்விடும்.

கரும்பலகை (தர்மபுரி):

பிளீச்சிங் பவுடர் மட்டும் வேண்டாம், தயவுசெய்து. நான் மேல்நிலைப் பள்ளியில் இருபது வருடத்துக்கு மேலாக வேதியியல் எடுக்கிறேன். குளோரின் வாடை என்றால் பிடித்த உடனே தூக்கலாகவும் மறுநாள் குறைவாகவும் இருக்க வேண்டும். நாகாவதி சொல்வது அதற்குத் தலைகீழ். பிடிக்கும்போது இல்லை, மறுநாள் வருகிறது. போர் தண்ணீரில் இல்லவே இல்லை.

நாகாவதி தம்பி, மூன்று காரியம் செய்து சொல்லுங்கள். குழாயிலிருந்து நேராக எவர்சில்வர் சொம்பில் பிடித்து மூடி வைத்து, மறுநாள் முகர்ந்து பாருங்கள். டிரம்மைக் காலி செய்து, மூடியை இறுக்கி, வெயிலில் வைத்துச் சாயங்காலம் திறந்து பாருங்கள். தலையை உள்ளே விட வேண்டாம், வாய்ப் பக்கத்திலிருந்து கையால் விசிறினால் போதும். அப்புறம், டிரம்மில் லேபிள் மிச்சம் ஏதாவது ஒட்டியிருக்கிறதா, நான்கு இலக்க எண் ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். அதுவரை அந்த டிரம் தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம், உலை வைக்கவும் வேண்டாம்.

நாகாவதி (பென்னாகரம்):

டீச்சர், சொன்னபடி செய்தேன். சொம்புத் தண்ணீரில் வாடையே இல்லை. டிரம்மைத் திறந்ததும் குப்பென்று அடித்தது, கொஞ்சம் தித்திப்பும் தாரும் கலந்த மாதிரி. லேபிளை யாரோ கத்தியால் சுரண்டியிருக்கிறார்கள். ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாய்சதுரக் கட்டத்துக்குள் பாதி மண்டையோடு. பக்கத்துக் கட்டத்தில் ஒரு கைமேல் சொட்டு விழுந்து அரிக்கிற படம். அதற்குக் கீழே 2821. அண்ணன் வீட்டில் ஒரு டிரம்மிலும் இதே கை படம் இருக்கிறது, எண் கிழிந்துவிட்டது.

கரும்பலகை (தர்மபுரி):

விடை கிடைத்துவிட்டது. குழாய்த் தண்ணீரின்மேல் பழி போட வேண்டாம்.

ஆபத்தான சரக்குகளுக்கு ஐ.நா. ஒவ்வொரு எண் கொடுத்திருக்கிறது, எந்த நாட்டுக்குப் போனாலும் அதே எண்தான். 2821 என்றால் பீனால் கரைசல். கட்டியாக இருந்தால் 1671, உருக்கி டேங்கரில் போனால் 2312.

பீனால் என்பது ஆறு கார்பன் சேர்ந்த பென்சீன் வளையத்தில், ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு ஹைட்ராக்சில் ஒட்டிய பொருள். 1834இல் ரூங்கே என்ற ஜெர்மானியர் நிலக்கரித் தாரிலிருந்து பிரித்தெடுத்தார். இன்றைக்குத் தாரிலிருந்து வருவது கொஞ்சம்தான். பெட்ரோலிய வழியில் கிடைக்கும் கியூமினிலிருந்துதான் பெரும்பாலும் செய்கிறார்கள், கூடவே அசிட்டோனும் கிடைக்கும். சுத்தமான பீனால் வெள்ளைப் படிகம். காற்றும் வெளிச்சமும் பட்டால் ரோஜா நிறம் ஏறும். 41 டிகிரியில் உருகிவிடும். சித்திரை வெயிலில் வைத்தால் இளகும், மார்கழியில் ஓசூர்க் குளிரில் கல்லாகக் கிடக்கும். அதனால் பத்துக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்துத் திரவமாகவே டிரம்மில் அனுப்புவது வழக்கம். உங்கள் டிரம்மில் வந்தது அதுதான். கொதிநிலை 182 டிகிரி என்பதால் தண்ணீரைக் காய்ச்சினால் இது ஓடிவிடாது.

ஆஸ்பத்திரி வாடை என்று நீங்கள் சொன்னதும் தற்செயல் இல்லை. கார்பாலிக் அமிலம் என்பது இதன் பழைய பெயர். 1865இல் கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர், வண்டி ஏறிக் கால் எலும்பு முறிந்த ஒரு சிறுவனின் புண்ணுக்கு இதில் நனைத்த துணியைக் கட்டிச் சீழ் பிடிக்காமல் காப்பாற்றினார். அங்கிருந்துதான் இந்த வாடை ஆஸ்பத்திரிகளுக்குள் வந்தது.

இப்போது உங்கள் டிரம். உள்பக்கம் வழுவழுவென்று இருந்தாலும் பீனால் அந்த பிளாஸ்டிக்குக்குள் ஊறியிருக்கும், குழம்பு ஊறிய மண்சட்டி மாதிரி. மேலே எத்தனை முறை தேய்த்தாலும் உள்ளே இருப்பது நாள் கணக்கில் கசியும். போர் தண்ணீரிலும் கசிந்துதான் இருக்கிறது. ஆனால் வெறும் பீனால் கொஞ்சமாக இருந்தால் நாக்கு கண்டுபிடிக்காது. குழாய்த் தண்ணீரில் வழியில் கிருமி சேராமல் இருக்க லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் வைத்து அனுப்புவார்கள். அந்தக் குளோரின் பீனாலோடு சேர்ந்து ராத்திரியோடு ராத்திரியாகக் குளோரோபீனால் ஆகிறது. இதில் ஒரு வகையை லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் இருந்தாலே நாக்கு பிடித்துவிடும். உங்கள் 200 லிட்டர் டிரம் முழுவதும் கெட்டுப்போக 20 மைக்ரோகிராம் போதும். தூள் உப்பில் ஒரு துணுக்குகூட அதைவிட எடை அதிகம்.

அதனால்தான் பிளீச்சிங் பவுடர் வேண்டாம் என்று பதறினேன். 1991 மார்ச்சில் தென்கொரியாவில் நக்டோங் ஆற்றில் தொழிற்சாலைப் பீனால் 30 டன் கலந்தது. தேகு நகரத்து வீடுகளில் தண்ணீர் நாறியது. சுத்திகரிப்பு நிலையத்தில் காரணம் தெரியாமல் குளோரினை இன்னும் கூட்டினார்கள், நாற்றம் இன்னும் ஏறியது.

நமது குடிநீர்த் தர விதியில் பீனால் வகைகளுக்கு வைத்திருக்கிற அளவு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். இரண்டு டிரம்மையும் ஒதுக்கிவிடுங்கள். குடிக்கிற டிரம் வாயில் சொல்லிவிட்டது. போர் தண்ணீர் டிரம் சொல்லாது, அதைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். பாத்திரம் கழுவ, குளிக்க, மாட்டுக்கு வைக்க என்று எதற்கும் வேண்டாம்.

பழைய டிரம் (ஓசூர்):

நான் இதே தொழிலில் இருக்கிறேன், பதினைந்து வருஷம். டீச்சர் சொல்வதைத் தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் நாங்கள் காஸ்டிக் சோடா போட்டுக் கழுவித்தான் விற்கிறோம். தர்மபுரி, அரூர், ஊத்தங்கரை வரைக்கும் கல்யாண வீட்டுக்கும் கட்டடக்காரருக்கும் இந்த டிரம்தான் போகிறது. என் வீட்டிலேயே ஐந்து வருஷமாக இருக்கிறது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏழைக்குப் புது டிரம் வாங்க முடியாது என்பதையும் யோசிக்க வேண்டும்.

கரும்பலகை (தர்மபுரி):

காஸ்டிக் சோடா என்பது சரியான யோசனைதான். பீனால் லேசான அமிலம், காரத்தோடு சேர்ந்தால் தண்ணீரில் நன்றாகக் கரைகிற உப்பாகிவிடும். மேல்பரப்பில் இருப்பது போய்விடும். ஊறியது போகாது. கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பதும் இருக்கிறது ஐயா. அது சாக்கடை வழியாக ஏரிக்கும் தென்பெண்ணைக்கும் போனால் கீழே இருக்கிறவர்கள் குடிக்கிற தண்ணீர் அது.

உங்கள் வீட்டு டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாங்குகிறவருக்குத் தெரியாது. லேபிளைச் சுரண்டி விற்றால் தெரிந்துகொள்ள வழியும் இல்லை. சர்க்கரைப் பாகு வந்த டிரம்மும் பீனால் வந்த டிரம்மும் பார்க்க ஒரே நீலம்தானே? எது என்ன என்று பிரித்து வைத்து, உணவுப் பொருள் வந்ததை மட்டும் தண்ணீருக்குக் கொடுத்தால் ஏழைக்கும் மலிவாகக் கிடைக்கும்.

ஓசூர் ஷிப்ட் (ஓசூர்):

டீச்சர் சொன்னதோடு என் அனுபவத்தையும் வைக்கிறேன். இதை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

இப்போது நான் இருப்பது வார்ப்படப் பட்டறையில், ஷெல் மோல்டிங் பிரிவு. அதற்கு முன் இரண்டு வருடம் ரெசின் தயாரிக்கும் ஒரு சின்ன கம்பெனியில் இருந்தேன். பீனாலையும் பார்மால்டிஹைடையும் கெட்டில் என்கிற பெரிய கலனில் போட்டு ரெசின், அதாவது செயற்கைப் பிசின் ஆக்குவார்கள். பிரேக் லைனிங், கிளட்ச் பிளேட், பிளைவுட் பசை, மைக்கா ஷீட், குக்கர் கைப்பிடி, பழைய கறுப்பு சுவிட்சு எல்லாம் இந்தக் குடும்பம்தான். 1907இல் பேக்லண்ட் கண்டுபிடித்த பேக்லைட் இதற்கெல்லாம் மூத்தது.

எங்களுக்குப் பீனால் இரும்பு டிரம்மில் கட்டியாக வரும். வெந்நீர்த் தொட்டியில் இறக்கி உருக்கி, பம்ப் வைத்து ஏற்ற வேண்டும். டிசம்பர் மாதம், விடியற்காலை ஷிப்ட். மூடி இறுகியிருந்தது. ஸ்பேனர் போட்டுத் திருப்பினேன், உள்ளே அழுத்தம் ஏறியிருந்ததால் புஸ் என்று தெறித்தது. இடது முன்கையில் உள்ளங்கை அகலத்துக்கு விழுந்தது. துணிக் கையுறை போட்டிருந்தேன், அது குடித்துக்கொண்டது.

முதலில் சுரீர் என்றது. எண்ணெய் தெறித்த மாதிரிதான். கையுறையைக் கழற்றிப் பனியனில் துடைத்தேன். ஒரு நிமிடத்தில் எரிச்சல் நின்றுவிட்டது. அடடா, பெரிதாக ஒன்றும் இல்லை என்று அடுத்த டிரம்முக்குப் போனேன். கையைப் பார்த்தால் பட்ட இடம் மட்டும் வெள்ளையாக, ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறின விரல் மாதிரி சுருங்கிக் கிடக்கிறது. நகத்தால் கிள்ளிப் பார்த்தேன், உணர்வே இல்லை.

அந்த நேரத்தில் வயசான பிட்டர் ஒருவர் வந்தார். கையைப் பார்த்ததும் ஒரு வார்த்தை பேசவில்லை. என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், தண்ணீர் ஷவருக்குக் கீழே நிறுத்தி, சட்டை பனியன் எல்லாம் கழற்றச் சொன்னார். நல்ல குளிர். கால் மணி நேரம் நிற்கவைத்தார். பாதியில் தலை சுற்றியது, நெஞ்சு படபடவென்று அடித்தது, வாந்தி வந்தது. அப்போதுதான் கையில் பட்டது உடம்புக்குள் போயிருக்கிறது என்று புரிந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்துப் பார்த்தார்கள். மறுநாள் சிறுநீர் கருத்த டீ மாதிரி போனது. வெள்ளையாக இருந்த தோல் பழுப்பாகி, இரண்டு வாரத்தில் உரிந்து வந்தது. இன்றைக்கும் அந்த இடத்தில் முடி இல்லை.

முதலுதவிப் பெட்டியில் பெக் 400 இருந்திருக்க வேண்டும். பாலி எத்திலீன் கிளைகால், தண்ணீர் மாதிரி இருக்கிற கெட்டித் திரவம். அதில் துணியை நனைத்துத் திரும்பத் திரும்பத் துடைத்தால் பீனாலைத் தோலிலிருந்து இழுத்துக்கொள்ளும். எங்கள் பெட்டியில் பஞ்சும் டிஞ்சரும்தான் இருந்தன. பெக் இல்லை என்றால் தண்ணீரை அருவி மாதிரி கொட்ட வேண்டும். ஈரத்துணியால் லேசாகத் துடைப்பது பீனாலை நீர்க்க வைத்து இன்னும் பரப்பிவிடும். கண்ணில் பட்டால் பெக் கூடாது, தண்ணீர் மட்டும்.

கையுறை பியூட்டைல் ரப்பர் அல்லது நியோப்ரீன். ஆஸ்பத்திரியில் போடுகிற மெல்லிய நீலக் கையுறை இதற்குத் தாங்காது. பேக்டரி சட்டத்தில் காற்றில் இருக்கலாம் என்று சொல்லியிருக்கிற அளவு எட்டு மணி நேரத்துக்கு 5 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஐந்து பங்கு. மூக்கு அதற்கு வெகு முன்னாலேயே, 1 பிபிஎம்மில் சின்னப் பங்கு இருக்கும்போதே கண்டுபிடித்துவிடும். அதனால் வாடை வந்ததும் உயிர் போய்விடும் என்று பதற வேண்டாம். இதில் பயப்பட வேண்டியது தோல். வலிக்கவில்லை என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். புதிதாகச் சேருகிற பசங்களிடம் முதல் நாளே என் கையைக் காட்டிவிடுவேன்.

கரும்பலகை (தர்மபுரி):

படிக்கும்போதே கை சில்லிட்டது. அந்தப் பெரியவர் நன்றாக இருக்க வேண்டும்.

வலிக்காததன் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பல்வலிக்குக் கிராம்பு வைத்தால் ஈறு மரத்துப்போகிறதே, கிராம்பில் இருக்கிற யூஜினாலும் பீனால் வகைதான். ஓமத்தில் இருக்கிற தைமாலும் அப்படியே. இவையெல்லாம் உறவு முறைதான், ஆனால் வீரியம் வேறு. பீனால் தோலின் புரதத்தையே உறையவைக்கிறது, முட்டை வெள்ளைக்கரு வெந்ததும் வெளுக்கிற மாதிரி. நரம்பு நுனியும் சேர்ந்து மரத்துப்போகிறது. உடம்பில் பெரிய பரப்பில் கொட்டி, சில நிமிடத்திலேயே நினைவு தப்பி இறந்தவர்கள் உண்டு.

நாகாவதி (பென்னாகரம்):

இதைப் படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. ஒரு வாரம் இந்தத் தண்ணீரில் சமைத்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு என்ன செய்வது?

இரவுப் பணி (கிருஷ்ணகிரி):

தம்பி, நான் செவிலியர். முதலில் மூச்சை விடுங்கள். நாக்கு பிடித்த வாடை மிக நுண்ணிய அளவில் வருவது, டீச்சர் கணக்குப் போட்டே காட்டிவிட்டார். வாடை தாங்காமல் நீங்கள் அதிகம் குடிக்கவும் இல்லை. ஓசூர் அண்ணனுக்கு ஆனது கிட்டத்தட்ட சுத்தமான பீனால், அதையும் இதையும் ஒன்றாக வைத்துப் பார்க்காதீர்கள்.

1974இல் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்துக் கிராமம் ஒன்றில் ரயில் தடம்புரண்டு பீனால் கொட்டி, கிணறுகள் கெட்டுப்போயின. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு வாயில் புண், வயிற்றுப்போக்கு, கருத்த சிறுநீர் வந்தது. அந்த மூன்றில் ஏதாவது உங்கள் வீட்டில் யாருக்காவது இருக்கிறதா பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிள்ளைகளை ஒருமுறை அரசு மருத்துவமனையில் காட்டிவிடுங்கள், லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவருக்கு அந்த எண் பெரிய உதவி.

இன்னொன்றையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. சைக்கிளில் வந்து பினாயில் விற்கிறார்களே, அதைத் தண்ணீர் பாட்டிலிலும் கூல்டிரிங்ஸ் பாட்டிலிலும் வாங்கிச் சமையலறை மூலையில் வைக்கிறோம். ராத்திரி ஷிப்டில் அப்படிக் குடித்துவிட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று வயசுக்கு அது ரஸ்னா மாதிரிதான் தெரியும். வந்த வழியில் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைத்திருப்பார்கள். அது கூடாது. அரித்துக்கொண்டு உள்ளே போனது, மேலே வரும்போது இரண்டாம் முறை அரிக்கும், நுரையீரலுக்குள்ளும் போய்விடும். வாயைக் கொப்பளிக்கவைத்து, 108ஐக் கூப்பிட்டு, பாட்டிலையும் கையோடு எடுத்து வாருங்கள்.

கொட்டகை (காரிமங்கலம்):

பினாயில் பேச்சு வந்ததால் கேட்கிறேன். நான்கு கறவை வைத்திருக்கிறேன். கறுப்பு பினாயில் இந்தப் பீனாலா? தினமும் கொட்டகையில் ஊற்றுகிறோம்.

தென்பெண்ணை (போச்சம்பள்ளி):

கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், இதற்குப் பதில் சொல்கிறேன். கறுப்பு பினாயில் தாரிலிருந்து வரும் கிரெசால் மாதிரியான பீனால் வகைகளைச் சோப்போடு கலந்தது. தண்ணீரில் விட்டால் பாலாக வெளுக்கும். டப்பாவில் ஆர்.டபிள்யூ. என்று ஒரு எண் போட்டிருப்பான், வெறும் பீனாலைவிட எத்தனை மடங்கு கிருமியைக் கொல்லும் என்று காட்டுவது. எண் குறைந்தால் வீரியமும் குறைவு. கடையில் கிடைக்கிற வெள்ளை பினாயிலில் பெரும்பாலும் பைன் எண்ணெய்தான், பேரில் மட்டும் பினாயில்.

பால் கறப்பதற்கு முன் கொட்டகையில் ஊற்றாதீர்கள். பால் வாடையை இழுக்கும், சொசைட்டியில் திருப்பிவிடுவார்கள். கறந்து முடித்த பிறகு ஊற்றி, கன்று கட்டுகிற இடத்தைத் தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள். புழு வைத்த புண்ணில் சிலர் பினாயிலை ஊற்றுகிறார்கள். ஓசூர்த் தம்பி கைக்கு ஆனது மாட்டுக்கும் ஆகும், அதற்குப் பேசத் தெரியாது. புழுவுக்கு டர்பன்டைன் எண்ணெய்ப் பஞ்சு வைத்து எடுக்கிற முறை இருக்கிறது, டாக்டரைக் கூப்பிடுங்கள். வீட்டில் பூனை இருந்தால் இன்னும் கவனம். பீனாலை உடைத்து வெளியேற்றுகிற சக்தி பூனையின் ஈரலுக்குக் குறைவு. ஈரத் தரையில் நடந்து, காலை நக்கியே செத்துப்போகும்.

அப்புறம் முக்கியமானது. கோமாரி வந்தால் ஊரே பினாயில் வாங்கிக் கொட்டுகிறது. கோமாரி வைரஸ் பினாயிலுக்கு அடங்காது. சலவை சோடாதான் அதற்கு. பத்து லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம் கரைத்துத் தரை, தீவனத் தொட்டி, செருப்பு எல்லாவற்றையும் கழுவுங்கள். விலையும் குறைவு.

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்):

பிளீச்சிங் போடச் சொன்னதற்கு மன்னிக்க வேண்டும். நான் மாங்கூழ் ஆலையில் சீசன் வேலைக்குப் போகிறவன். எங்கள் டின்னுக்குள் தங்க நிறத்தில் ஒரு பூச்சு இருக்கும், எபாக்சி பீனாலிக் லாக்கர் என்று சூப்பர்வைசர் சொல்வார். பெங்களூரா மாம்பழக் கூழில் புளிப்பு இருக்கிறதே, பீனால் இறங்கிவிடாதா?

கரும்பலகை (தர்மபுரி):

நல்ல கேள்வி. பீனால் ரெசினைச் சூடு காட்டி முழுக்க இறுகவைத்துவிட்டால் அது ஒன்றோடு ஒன்று பின்னிய வலை. மறுபடி உருகாது, கரையாது. குக்கர் கைப்பிடியில் வாடை வருவதில்லையே, அது மாதிரி. டிரம்மில் ஊறியது பின்னாத, சும்மா இருக்கிற பீனால். வித்தியாசம் அங்கேதான்.

எபாக்சி பூச்சில் கவலை வேறு இடத்தில். அது பிஸ்பீனால் ஏ என்ற பொருளிலிருந்து வருவது, அதுவும் பீனாலிலிருந்து செய்வதுதான். உலகத்தில் தயாராகும் பீனாலில் பெரிய பங்கு அதற்குத்தான் போகிறது. பூச்சில் சேராமல் மிஞ்சியது உணவில் நுண்ணிய அளவில் இறங்கலாம், உடம்பின் ஹார்மோன்களோடு குழப்பம் செய்யும் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் உணவு படுகிற பொருட்களில் அதை 2024 டிசம்பரில் தடை செய்தது, மாற அவகாசமும் கொடுத்திருக்கிறது. உங்கள் ஆலை ஐரோப்பாவுக்கு அனுப்பினால் டின் பூச்சு மாறியிருக்கும் அல்லது மாறும், சூப்பர்வைசரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஓசூர் ஷிப்ட் (ஓசூர்):

நாகாவதி தம்பி, டிரம்மை வீட்டில் அறுத்துத் தொட்டியாக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிளாஸ்டிக் சூடானால் ஊறினது புகையாக வரும். இரும்பு டிரம்மை கேஸ் கட்டரால் வெட்டுவது அதைவிட மோசம், மிச்ச ஆவி வெடிக்கும். எரிக்கவும் கூடாது. 2016 அபாயக் கழிவு விதிகளில் ரசாயனம் பட்ட காலி பீப்பாயும் பட்டியலில் இருக்கிறது. வீட்டுக்கு விற்கவே கூடாதது அது. வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். மறுத்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் எழுதிக் கொடுங்கள்.

பழைய டிரம் (ஓசூர்):

திருப்பி வாங்க மறுக்க மாட்டார்கள், மறுத்தால் நான் வந்து பேசுகிறேன். நேற்று என் குடோனில் லேபிள் இருக்கிற டிரம்மையெல்லாம் புரட்டிப் பார்த்தேன். 2821 இரண்டு, 1671 ஒன்று. வீட்டில் இருந்ததையும் தூக்கிவிட்டேன், முன்பு அதில் என்ன வந்தது என்று எனக்கே நினைவில்லை. இனிமேல் லேபிள் சுரண்டிய டிரம்மை வாங்குவதில்லை.

நாகாவதி (பென்னாகரம்):

இரண்டு டிரம்மையும் கடையில் திருப்பிவிட்டேன். பணத்தில் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்கள், போகட்டும். பிள்ளைகளை டாக்டரிடம் காட்டினேன். வாயையும் வயிற்றையும் பார்த்து, பயப்பட ஒன்றும் இல்லை, ஒரு வாரம் கவனியுங்கள் என்றார். போட்டோவில் இருந்த எண்ணை அவரும் குறித்துக்கொண்டார். இரண்டு எவர்சில்வர் அண்டாவும் மூடி போட்ட புது டிரம் ஒன்றும் வாங்கியிருக்கிறோம். மூன்று நாள் ஆகிறது, வாடை இல்லை. ஊராட்சிக்கு எழுதி வைத்திருந்த மனுவைக் கிழித்துவிட்டேன்.

அண்ணன் வீட்டில் மூன்றாவது டிரம்மில் மாட்டுக்குக் கழனித் தண்ணீர் சேர்த்து வைத்திருந்தார். லேபிள் இல்லாததால் இது நல்ல டிரம் என்று நினைத்திருக்கிறார். வெயிலில் மூடி வைத்துத் திறந்து காட்டினேன், அதே வாடை. கையோடு கொட்டிவிட்டார். எங்கே கொட்டினார் என்று அப்புறம்தான் கேட்டேன், வாழை மரத்தடியில். அது கிணற்றிலிருந்து இருபது அடிதான் இருக்கும். டீச்சர், கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு எடுக்க வேண்டுமென்றால் எந்தப் பாட்டிலில், எவ்வளவு பிடிக்க வேண்டும்?

கரும்பலகை (தர்மபுரி):

கண்ணாடி பாட்டிலில் ஒரு லிட்டர், பிளாஸ்டிக் வேண்டாம். அதே கிணற்றுத் தண்ணீரால் மூன்று முறை அலசி, விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். வெளிச்சம் படாமல் துணி சுற்றி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே தர்மபுரி குடிநீர் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். பீனால் வகைகளைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். சொல்லாவிட்டால் உப்பும் புளோரைடும் மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். புறப்படும்போது எனக்குச் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.